நாற்பதுக்கு மேல் கோடிங் படித்தால் உருப்படுமா?

4 ஜூன் 2023, மாலை 6.15 (கேள்வி)

வயது 41. பி.காம். ஒரு கடையில் பில்லிங், ஸ்டாக் பார்க்கிறேன். கோடிங் படிக்க ஆசை. பள்ளியில் கணக்கு சுமார், ஆங்கிலமும் சுமார். எந்த நிரல்மொழி, பைத்தானா, ஜாவாவா? ஆறு மாதம் படித்தால் ஐடி வேலை நிச்சயம் என்று ஒரு சென்டரில் சொல்கிறார்கள். நம்பலாமா?

4 ஜூன் 2023, இரவு 10.40

பைத்தான். சென்டருக்குப் பணம் கட்ட வேண்டாம். ஆறு மாதத்தில் வேலை என்பதை நான் நம்பவில்லை. ஒருமுறை நம்பி 18,000 ரூபாய் கட்டியவள் சொல்கிறேன்.

எனக்கு 44. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். டேலி, எக்செல், வாரச் சம்பளம். கோடிங் எனக்கு வேறு வேலை எதுவும் வாங்கித் தரவில்லை. வெள்ளிக்கிழமைகளில் இரண்டு மணி நேரம் மிச்சமாகிறது, அவ்வளவுதான். விவரம் நாளை எழுதுகிறேன்.

5 ஜூன் 2023, காலை

அந்த 18,000 கதை. 2019-இல் மாலை வகுப்பு, ஜாவா. என்னைத் தவிர எல்லாரும் கல்லூரிப் பிள்ளைகள். முதல் நாள் யாரோ ஒரு பையனின் அம்மா ஃபீஸ் கட்ட வந்திருக்கிறார் என்று நினைத்து ரிசப்ஷனிலேயே உட்கார வைத்துவிட்டார்கள். வகுப்பில் சார் பலகையில் "பப்ளிக் ஸ்டேட்டிக் வாய்ட் மெயின்" என்று எழுதினார். ஸ்டேட்டிக் என்றால் என்ன சார் என்றேன். "அதெல்லாம் அப்புறம் புரியும், இப்ப அப்படியே எழுதிக்குங்க." வாய்ட்? "அதுவும் அப்புறம்."

கணக்கு எழுதுகிறவளுக்கு இது ஒத்துவரவில்லை. புரியாத ஒரு பதிவைப் போட்டுவிட்டு அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் மார்ச் மாதம் தூக்கம் போய்விடும். ஐந்தாவது வாரம் நின்றுவிட்டேன். பணம் திரும்பவில்லை.

ஜாவாவைக் குறை சொல்லவில்லை. பைத்தானில் "வணக்கம்" என்று திரையில் காட்ட ஒரே வரி போதும், அதில் புரியாத சொல் "பிரிண்ட்" ஒன்றுதான். ஆரம்பத்தில் எனக்கு அதுவே பெரிய ஆறுதலாக இருந்தது.

5 ஜூன் 2023, மதியம்

விட்டுப்போனது: கணக்கு சுமார் என்பதற்காகத் தயங்க வேண்டாம். நான் இன்றுவரை எழுதியதில் கூட்டல், பெருக்கல், வகுத்தல், மீதி இவற்றைத் தாண்டி எதுவும் வரவில்லை.

7 ஜூன் 2023

தமிழில் புத்தகம் கேட்டிருக்கிறார்கள். தமிழ்நாடு அரசின் பன்னிரண்டாம் வகுப்புக் கணினி அறிவியல் பாடநூலில் பைத்தான்தான் பாடம். (பதினொன்றில் சி++.) தமிழ் வழிப் பதிப்பு இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. என் மகன் 2022-இல் பிளஸ் டூ முடித்து எடைக்குப் போடக் கட்டி வைத்திருந்த கட்டிலிருந்து நான் உருவி எடுத்தேன். என் படிப்பு அங்கேதான் ஆரம்பித்தது.

ஒரு யோசனை: ஐந்தாம் பாடத்திலிருந்து தொடங்குங்கள், பைத்தான் அங்கேதான் வருகிறது. முதல் நான்கும் செயற்கூறு, வரையெல்லை என்று கருத்தளவில் போகும். நான் பரீட்சைக்குப் படிப்பது போல முதல் பக்கத்திலிருந்து அடிக்கோடு போட்டுப் படித்து, இரண்டு வாரம் ஒரு வரிகூட ஓட்டிப் பார்க்காமல் கழித்தேன். ஆறாம் பாடம் முடித்துவிட்டு முதல் பாடத்துக்குத் திரும்பி வந்தால் அது சுலபமாக இருக்கிறது.

கலைச்சொற்கள் கொஞ்சம் சிரிப்பு வரவைக்கும். லூப் (ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்ய வைப்பது) என்பது மடக்கு. எனக்கு மடக்குக் கட்டில்தான் நினைவுக்கு வந்தது. கிளாஸ் என்பது இனக்குழு. அதைப் பார்த்ததும் மகன் வேறு ஏதோ பாடப் புத்தகத்தைக் கொடுத்துவிட்டான் என்று நினைத்தேன். வேரியபிளுக்கு (ஒரு மதிப்பைப் போட்டு வைக்கிற பெயர்) மாறி என்பது மட்டும் முதல் நாளே ஒட்டிக்கொண்டது, நல்ல சொல். எதுவானாலும் இரண்டு பெயரையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள், பிழைச் செய்தி ஆங்கிலத்தில்தான் வரும்.

7 ஜூன் 2023, சற்று நேரம் கழித்து

ஆங்கிலம் சுமார் என்றாரே, அதற்கு. பிழைச் செய்தியைக் கடைசி வரியிலிருந்து மேலே படியுங்கள். என்ன தப்பு என்பது கடைசி வரியில் இருக்கும், எங்கே என்பது அதற்கு மேலே. தினமும் எதிர்ப்படுகிற பிழைகளின் பெயர்கள் பத்துகூட இருக்காது: சின்டாக்ஸ் எரர், நேம் எரர், டைப் எரர், வேல்யூ எரர், இன்டென்டேஷன் எரர், கீ எரர், இன்டெக்ஸ் எரர். ஒரு நோட்டில் ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம் ஒதுக்கி, எப்போது வந்தது, எப்படிப் போனது என்று எழுதிவந்தேன். நேம் எரர் பக்கம்தான் முதலில் நிரம்பியது. எல்லாம் எழுத்துப் பிழை.

பைத்தான் 3.10 அல்லது அதற்குப் பிந்தையதைப் போடுங்கள். அதிலிருந்து பிழைச் செய்திகள் எவ்வளவோ தெளிவு. மூடாத அடைப்புக்குறி எந்த வரியில் திறந்தது என்றே காட்டிவிடும்.

இன்னொன்று. வேர்டில் ஒட்டி வைத்த நிரலை (புரோகிராமை) அங்கிருந்து எடுத்து ஓட்டாதீர்கள். அது நேர் மேற்கோள் குறியை வளைந்த குறியாக மாற்றிவிடும். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். பைத்தான் ஏற்காது. ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க இதில் போயிற்று.

11 ஜூன் 2023

"நீங்கள் என்னதான் எழுதினீர்கள்?" என்று இரண்டு பேர் கேட்டுவிட்டார்கள். சில்லறைக் கணக்கு.

எங்கள் கம்பெனியில் 62 பேருக்கு வாரச் சம்பளம், கையில் ரொக்கம். சிலருக்கு ஷிஃப்ட் கணக்கு (எட்டு மணி நேரம் ஒரு ஷிஃப்ட், பன்னிரண்டு மணி நேரம் ஒன்றரை), டெய்லர்களுக்குப் பீஸ் ரேட் (தைத்த பீசுக்கு இவ்வளவு என்று). கணக்கு வாரம் வியாழனோடு முடியும். வெள்ளி மதியம் வங்கியில் பணம் எடுக்க வேண்டும், சனி சாயங்காலம் ஆளுக்கொரு கவர். ஒவ்வொரு கவரிலும் சரியான நோட்டு இருக்க வேண்டும் என்றால் வங்கியில் எத்தனை 500, எத்தனை 200, எத்தனை 100, எத்தனை 50 என்று எழுதிக் கொடுத்து வாங்க வேண்டும். வெள்ளிக்கிழமை இரண்டு மணி நேரத்தைத் தின்றுகொண்டிருந்தது இதுதான்.

பைத்தானில் இது கைக்கு அடக்கம். இரண்டே குறி. // என்றால் வகுத்து முழு எண்ணை மட்டும் தரும், % என்றால் மீதியைத் தரும். பைத்தான் 3-இல் மாறிக்குத் தமிழிலேயே பெயர் வைக்கலாம், வைத்தேன். மகன் பார்த்துவிட்டு, "யாரும்மா இப்படி எழுதுவாங்க?" என்றான். நான் எழுதுகிறேன்.

பாக்கி = 2850
ஐந்நூறு = பாக்கி // 500
பாக்கி = பாக்கி % 500

இப்போது ஐந்நூறு 5, பாக்கி 350. அதே வேலையை 200-க்கு, 100-க்கு, 50-க்கு. நான்கு தடவை எழுதிவிட்டு, அப்புறம்தான் இதற்குத்தான் மடக்கு என்று உறைத்தது. நோட்டுகளை ஒரு பட்டியலாக வைத்து மடக்கில் போட்டதும் பதினாறு வரி ஐந்தாயிற்று. அன்றைக்கு இரவு தூக்கம் வரவில்லை, சந்தோஷத்தில்.

இனி மானம் போன கதை. 62 பேரின் சம்பளத்தைக் கூட்டி, அந்த மொத்தத் தொகைக்குச் சில்லறை போட்டு, அதையே வங்கிக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். மூன்று பேர் என்று சின்னதாக வைத்துப் பாருங்கள்: 2,850, 3,150, 2,450. மொத்தம் 8,450. மொத்தத்துக்குப் போட்டால் 500 பதினாறு, 200 இரண்டு, 50 ஒன்று. ஆளாளுக்குப் போட்டுக் கூட்டினால் 500 பதினைந்து, 200 மூன்று, 100 இரண்டு, 50 மூன்று. தொகை ஒன்றுதான், கவர் மட்டும் நிரம்பாது. மூன்று பேருக்கே இப்படி என்றால் 62 பேருக்கு யோசியுங்கள். சனிக்கிழமை ஆறு மணிக்கு வரிசை நிற்கிறது, நான் பேக்கிங் பையனை பெட்ரோல் பங்குக்கும் மளிகைக் கடைக்கும் சில்லறைக்கு விரட்டிக்கொண்டிருக்கிறேன். முதலாளி வந்து பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போனார். திட்டியிருந்தால் தேவலை.

நிரலில் ஒரு பிழையும் இல்லை. கேட்டதற்குச் சரியான பதில் சொன்னது. கையால் போட்ட காலத்தில் நான் ஒருநாளும் மொத்தத்துக்குச் சில்லறை போட்டதில்லை, கை தானாக ஆளாளுக்குப் போகும். அதை வார்த்தையாகச் சொல்ல வேண்டி வந்தபோதுதான் விட்டுவிட்டேன்.

அதனால் கேட்டவருக்கு: கால்குலேட்டர், கேம், வெப்சைட் என்று போகாமல், உங்கள் கடையில் தினமும் கையால் போடுகிற ஒரு கணக்கை எடுங்கள். விடை எவ்வளவு வரும் என்று உங்களுக்கு ஏற்கனவே தெரிந்திருக்க வேண்டும். தப்பு வந்தால் பார்த்ததும் வயிற்றைக் கலக்க வேண்டும்.

சரி, இன்னொரு துணுக்கு. என் பட்டியலில் முதலில் 2000-உம் இருந்தது. வங்கியில் அந்த நோட்டு கண்ணில் படுவதே இல்லை என்று போன வருஷமே அந்த ஒரு எண்ணை அழித்துவிட்டேன். போன மாதம் 19-ஆம் தேதி ரிசர்வ் வங்கி அதைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தபோது எனக்கு வேலை எதுவும் இல்லை. பெரிய நோட்டிலிருந்து இறங்கிக்கொண்டே வந்தால் எப்போதும் குறைந்த எண்ணிக்கையில் நோட்டு வரும் என்பதால் பட்டியல் எதுவானாலும் முறை மாறாது.

14 ஜூன் 2023

மேலே கடைசி வரி தப்பு. ஒருவர் தனியாக எழுதி மண்டையில் குட்டினார். "எப்போதும்" இல்லையாம். 1, 3, 4 என்று மூன்றே நாணயம் உள்ள ஊரில் 6 ரூபாய் கொடுக்க வேண்டும் என்றால் பெரியதிலிருந்து போனால் 4, 1, 1 என்று மூன்று நாணயம். 3, 3 என்று இரண்டிலேயே முடித்திருக்கலாம். நம் 500, 200, 100, 50, 20, 10 வரிசைக்கு இந்தச் சிக்கல் வராது. பெரியதிலிருந்து இறங்கும் இந்த முறைக்கு ஆங்கிலத்தில் கிரீடி அல்காரிதம், அதாவது பேராசைக் கணிமுறை என்று பெயராம். கவர் போடுகிற எனக்குப் பேராசையா என்று வீட்டில் இரண்டு நாள் கிண்டல்.

18 ஜூன் 2023

கேட்டவர் நிரல் அனுப்பியிருந்தார், ஆறு நாள் விற்பனையைக் கூட்டுவது. ஒரு நாள் குறைகிறது என்றார். மடக்கு எதிலிருந்து எதுவரை ஓட வேண்டும் என்பதற்கு ரேஞ்ச்(1, 6) என்று போட்டிருக்கிறார். கடைசி எண் சேராது, 1 முதல் 5 வரைதான். 7 என்று போடுங்கள். என் நிரலில் இதே தப்பினால் ஒரு வாரம் எல்லாருக்கும் வியாழக்கிழமை ஷிஃப்ட் காணாமல் போனது. பழைய முறையிலும் கையால் போட்டு வைத்திருந்ததால் தப்பித்தேன். மூன்று மாதம் இரண்டையும் சேர்த்தே ஓட்டினேன், அந்த மூன்று மாதமும் வேலை இரட்டிப்பு. மிச்சமாகும் என்று சொன்ன இரண்டு மணி நேரம் அதற்கப்புறம்தான் மிச்சமானது.

2 ஜூலை 2023

ஒரு வருஷமாக ஒழுங்காக ஓடிய நிரல் நேற்று என்னைக் கவிழ்த்தது.

இந்த வாரம் ஓவர்லாக் (துணி ஓரம் அடிக்கிற தையல்) ரேட் பீசுக்கு 1.10 ரூபாயிலிருந்து 1.15 ஆனது. நிரலில் ரேட்டை மட்டும் மாற்றினேன். சனிக்கிழமை கவர் வாங்கிய ஓவர்லாக் அக்கா சீட்டை விரித்துப் பார்த்துவிட்டு அப்படியே நின்றார். "ஏனுங் மேடம், நூறு பீசுக்கு நூத்திப் பதினஞ்சு தானுங்க? நூத்திப் பதினாலுன்னு போட்டிருக்குது."

அவர் மனக்கணக்கில் போட்டது. எனக்குக் கம்ப்யூட்டர் போட்டது. ஒரு நிமிஷம் அவர்தான் தப்பு என்று நினைத்தேன் என்பதை வெட்கத்துடன் எழுதுகிறேன்.

இரவு உட்கார்ந்து பார்த்தேன். பைத்தானில் 1.15 * 100 என்று அடித்தால் 114.99999999999999 வருகிறது. நான் பைசாவை வெட்ட "இன்ட்" போட்டிருந்தேன். அது புள்ளிக்குப் பின்னால் இருப்பதை எல்லாம் நறுக்கிவிடும், ஆக 114. இருநூறு பீசுக்கு 229. நானூறுக்கு 459. ஆயிரம் பீசுக்கு மட்டும் சரியாக 1150! இப்படி ஒன்றில் சரியாக, ஒன்றில் தப்பாக வருவதுதான் எனக்கு எரிச்சல்.

பழைய ரேட்டில் ஏன் வரவில்லை என்றும் பார்த்தேன். 1.1 * 100 என்றால் 110.00000000000001. துளி அதிகமாகத் தப்பியது, நறுக்கினால் 110 சரியாக நின்றது. இத்தனை நாள் தப்பு இருந்தது, என் பக்கமாகச் சாய்ந்திருந்தது, அவ்வளவுதான்.

3 ஜூலை 2023

ஏன் 1.15 முழுசாக நிற்பதில்லை என்று நாலைந்து பேர் கேட்டிருக்கிறார்கள். இருமம், மிதவைப் புள்ளி என்றெல்லாம் படித்தேன், மண்டையில் ஏறவில்லை. என் பாட்டியின் பின்னங்களை வைத்து யோசித்ததும் ஏறிவிட்டது.

அரை. அதில் பாதி கால். அதில் பாதி அரைக்கால். அதில் பாதி வீசம். அதில் பாதி அரைவீசம். கம்ப்யூட்டரிடம் இருக்கும் படிக்கற்கள் இவைதான், பாதி பாதியாக இறங்கிக்கொண்டே போகும். 1.25 என்றால் ஒன்றும் காலும், தராசு நேராக நிற்கும். (1.25, 1.50 ரேட்காரர்களுக்கு ஒருநாளும் தப்பு வராததற்கு இதுதான் காரணம்.) 0.15-ஐ இந்தக் கற்களால் நிறுத்துப் பாருங்கள். அரைக்கால், அதாவது 0.125 வைத்தால் மீதி 0.025. வீசம் 0.0625 பெரிது. அரைவீசம் 0.03125, அதுவும் பெரிது. அதில் பாதி 0.015625, வைக்கலாம், மீதி 0.009375. இப்படியே போய்க்கொண்டிருக்கும், தீராது. கம்ப்யூட்டர் 53 இரும இலக்கத்தோடு போதும் என்று நிறுத்திக்கொள்ளும். 1.15-க்கு அது நிறுத்துகிற இடம் துளி குறைவு. 1.1-க்குத் துளி அதிகம்.

பாட்டியிடம் இன்னொரு கல்லும் இருந்தது: மா, இருபதில் ஒன்று. 0.15 என்பது மூன்று மா, மும்மா என்று ஒரே சொல்லில் சொல்லி முடித்திருப்பார். ஓவர்லாக் அக்காவின் ஒரு ரூபாய் தொலைந்தது கம்ப்யூட்டரிடம் மா இல்லாததால்.

தீர்வு: எல்லாவற்றையும் பைசாவாக மாற்றி முழு எண்ணிலேயே கணக்குப் போடுங்கள். 115 பைசா, 100 பீஸ், 11500 பைசா. நான் மாற்றிவிட்டேன்.

9 ஜூலை 2023

மாற்றிவிட்டேன் என்று பெருமையாக எழுதியிருக்கிறேன். பைசாவாக எப்படி மாற்றினேன்? ரேட்டை 100-ஆல் பெருக்கி "இன்ட்" போட்டு. 1.15-ஐ 100-ஆல் பெருக்கினால் என்ன வரும் என்று ஒரு வாரம் முன்னால் இதே இடத்தில் எழுதியவள் நான்தான். 114 பைசா. போன வாரம் 1000 பீசுக்காவது சரியாக வந்தது, இந்த வாரம் அதுவும் போச்சு. கவர் போடும் முன் கையால் சரிபார்த்ததால் வெளியே தெரியவில்லை.

இப்போது இரண்டு வழி தெரியும். ஒன்று, ரேட்டை உள்ளிடும்போதே 115 என்று பைசாவில் கேட்டு வாங்குவது. இன்னொன்று, டெசிமல் என்று பைத்தானோடே வரும் கூறு (மாட்யூல்). அது நாம் போடுவது போல பத்துப் பத்தாகக் கணக்குப் போடும். அதற்கு ரேட்டை மேற்கோள் குறிக்குள் எழுத்தாகக் கொடுக்க வேண்டும். குறி இல்லாமல் வெறும் 1.15 கொடுத்தால், ஏற்கனவே தேய்ந்த எண்ணைத்தான் வாங்கிக்கொள்ளும், 1.1499999 என்று தொடங்கி ஒரு முழம் நீளத்துக்குக் காட்டும். நான் முதல் வழிக்கு மாறினேன். நாளைக்கு நான் லீவு போட்டால் வேறு யாராவது ரேட் அடிப்பார்கள், அவர்களுக்குப் பைசா புரியும்.

பாக்கி இருந்த தொகையை ஓவர்லாக் அக்காவுக்கும் மற்ற ஆறு பேருக்கும் அடுத்த வாரக் கவரில் சேர்த்துவிட்டேன். மொத்தம் 23 ரூபாய். அக்கா எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டார்.

15 ஆகஸ்ட் 2023

லீவு நாள், அதனால் வேறு ஒன்று. சம்பளச் சீட்டில் பெயருக்கு நேராகத் தொகை வர வேண்டும் என்று ஒவ்வொரு பெயரையும் இருபது இடத்துக்கு இழுத்து அச்சடித்தேன். எண்கள் எல்லாம் கோணல். ஏன் என்று "தமிழ்" என்ற சொல்லின் நீளத்தைக் கேட்டேன். 5 என்றது. நாம் எண்ணினால் மூன்று. த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்று அது ஐந்தாக எண்ணுகிறது. யூனிகோடில் தமிழ் அப்படித்தான் சேமிக்கப்படுகிறது. எழுத்தாக எண்ண ஓப்பன்-தமிழ் என்று ஒரு இலவச நிரல் நூலகம் (பிறர் எழுதி வைத்த நிரல்களின் தொகுப்பு) இருக்கிறது, அது 3 என்று சொல்லும். எனக்கு அதுவும் உதவவில்லை, "ஔ"வும் "ர"வும் திரையில் ஒரே அகலமா என்ன? கடைசியில் நேராக எக்செல் கோப்பாக எழுதிவிட்டேன். பெயர் ஒரு கட்டத்தில், தொகை ஒரு கட்டத்தில், சண்டை முடிந்தது.

தமிழ் என்றதும் எழில் பற்றி ஒருவர் கேட்டிருந்தார். தமிழிலேயே கட்டளை எழுதும் நிரல்மொழி, முத்து அண்ணாமலை உருவாக்கியது. திரையில் காட்ட "பதிப்பி". நிபந்தனை முதலில் வந்து "ஆனால்" பின்னால் வரும், நாம் பேசுவது போலவே. அது எனக்கு மிகவும் பிடித்தது. வேலைக்கு நான் பைத்தானை விடவில்லை, எக்செல் கோப்பைப் படிக்க எழுத வேண்டும். ஆனால் ஆறாவது படிக்கும் என் அண்ணன் மகளுக்கு மடக்கு என்றால் என்னவென்று எழிலில்தான் காட்டினேன், அரை மணி நேரத்தில் பிடித்துக்கொண்டாள். எனக்கு இரண்டு வாரம் ஆன விஷயம்.

3 செப்டம்பர் 2023

"இப்போதெல்லாம் ஏஐ-யே எழுதிக் கொடுக்கிறதே, இந்த வயதில் எதற்கு இந்தப் பாடு?"

கேள்வி நியாயம்தான். நேற்று மகன் என் முன்னாலேயே ஒன்றிடம் கேட்டான்: "மொத்தம் 8,450 ரூபாய், எத்தனை நோட்டு வேண்டும், நிரல் எழுது." பத்து விநாடியில் என்னுடையதைவிட அழகாக எழுதியது. 16, 2, 1 என்று விடை. நான் சிரித்தேன். அவனுக்குப் புரியவில்லை. சனிக்கிழமை வரிசையில் நின்று பார்த்திருந்தால் புரிந்திருக்கும்.

இதை எழுதிவிட்டு இரண்டாவது தடவை படிக்கும்போது, சிரிக்க எனக்கு யோக்கியதை இல்லை என்று தோன்றுகிறது. நானும் முதல் தடவை இதையேதானே செய்தேன்? "ஆளாளுக்குத் தனித்தனியாக, பிறகு கூட்டு" என்று சொன்னதும் அதுவும் சரியாக எழுதியது. இப்போது நானும் அதைப் பயன்படுத்துகிறேன். அது தரும் நிரலை வரி வரியாகப் படிக்க முடிகிற அளவுக்கு எனக்குத் தெரிந்திருக்கிறது. பைசாவை நறுக்குகிற இடம் எங்கே என்றுதான் முதலில் தேடுவேன், சூடு கண்ட பூனை.

24 அக்டோபர் 2023

நேற்று ஆயுத பூஜை. ஓவர்லாக், பேட்லாக், பவர் டேபிள் எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம், ஆபீஸ் லேப்டாப்புக்கும் ஒரு பொட்டு. பூஜையில் வைத்ததைத் தொடக்கூடாது என்று சொல்லி ஒரு நாள் நிம்மதியாக இருந்தேன்.

இன்று விஜயதசமிக்கு ஏற்றாற்போல் கேட்டவர் திரும்ப வந்திருக்கிறார். நாலு மாதத்தில் தன் கடை ஸ்டாக் பட்டியலை நிரலில் கொண்டுவந்துவிட்டாராம். தீர்ந்துபோன ஐட்டங்களைப் பட்டியலிலிருந்து நீக்கச் சொன்னால், அடுத்தடுத்து இரண்டு தீர்ந்திருந்தால் அதில் ஒன்று தப்பிவிடுகிறது என்கிறார்.

ரேஷன் கடை வரிசையை நினைத்துக்கொள்ளுங்கள். மூன்றாவது ஆளை வெளியே அனுப்பினால் நான்காவது ஆள் மூன்றாவது இடத்துக்கு நகர்ந்துவிடுவார். நீங்கள் அடுத்து நான்காவது இடத்தைப் பார்க்கிறீர்கள், நகர்ந்தவரைப் பார்க்கவே இல்லை. பைத்தான் மடக்கும் அப்படித்தான் இடத்தை எண்ணிக்கொண்டு போகிறது. ஓடுகிற பட்டியலில் கை வைக்காதீர்கள். இருக்க வேண்டியவற்றைப் புதுப் பட்டியலில் சேர்த்துக்கொண்டு பழையதை விட்டுவிடுங்கள்.

சென்டரில் பணம் கட்டவில்லை என்றும் எழுதியிருந்தார். அந்தக் காசில் ஒரு பழைய லேப்டாப் வாங்கினாராம். நல்லது.

8 நவம்பர் 2023

தீபாவளி போனஸ் வாரம், மூச்சுவிட நேரமில்லை. ஒன்றே ஒன்று. குறைந்தபட்ச போனஸ் 8.33 சதவீதம். மகன் உதவுகிறேன் என்று வந்து "அதாவது ஒரு மாதச் சம்பளம்" என்று 12-ஆல் வகுத்துவிட்டான். ஆண்டுச் சம்பளம் 1,20,000 என்றால் அவன் கணக்கில் 10,000, என் கணக்கில் 9,996. ஒரு கால் மணி நேரம் இருவரும் வாதாடினோம், சட்டத்தில் 8.33 என்றுதான் இருக்கிறது என்று நான், பன்னிரண்டில் ஒன்றைத்தான் அப்படிச் சுருக்கி எழுதியிருக்கிறார்கள் என்று அவன். முதலாளி காதில் விழுந்து, "பத்தாயிரமாவே போட்டு விடுங்க" என்றார்.

16 ஜனவரி 2024

பொங்கல் லீவு. சில்லறைக் கணக்கு நிரலுக்கு வேலை போய்விட்டது. இந்த மாதத்திலிருந்து சம்பளம் எல்லாருக்கும் வங்கிக் கணக்கில். கவர் இல்லை, நோட்டு இல்லை. ஒன்றரை வருஷம் ஓடிய ஐந்து வரி மடக்கு. அழிக்க மனம் வரவில்லை, ஒரு ஃபோல்டரில் போட்டு வைத்திருக்கிறேன். பீஸ் ரேட் பகுதி மட்டும் ஓடுகிறது.

அதற்குப் பதில் புதுத் தொல்லை. வங்கிக்கு அனுப்ப வேண்டிய பட்டியலுக்காக 62 பேரின் அக்கவுண்ட் எண்ணையும் எக்செலில் அடித்தேன். 16 இலக்க எண்களுக்கெல்லாம் கடைசி இலக்கம் 0 ஆகிவிட்டது, அது பதினைந்து இலக்கம் வரைதான் எண்ணாக நினைவில் வைக்கும். பூஜ்யத்தில் தொடங்குகிற எண்களில் முன்னால் இருந்த பூஜ்யம் காணவில்லை. அடிக்கும் முன் அந்தக் கட்டங்களை டெக்ஸ்ட் என்று மாற்றியிருக்க வேண்டும். பைத்தானில் படிக்கும்போதும் எழுத்தாகவே படிக்க வேண்டும், அக்கவுண்ட் எண்ணை யாரும் கூட்டப்போவதில்லை.

கட்டங்களை மாற்றிவிட்டு எல்லாவற்றையும் மறுபடி அடித்தாயிற்று. பாஸ்புக் ஜெராக்ஸ் கட்டு மேசையில் இருக்கிறது. சாப்பிட்டுவிட்டு மகன் ஒவ்வொன்றாக வாசிப்பான், நான் திரையில் பார்த்து டிக் போட வேண்டும். ஓவர்லாக் அக்காவுடையதை முதலில் எடுக்கச் சொல்லியிருக்கிறேன்.